தேறியவனைத் தடுத்த நாள்

முதல் வருடத்தில் உங்களுக்குக் கணுக்காலைத்தான் சொல்லித் தருவார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். கணுக்கால் நல்ல நோயாளி. சுளுக்கினால் வீங்கும், நீலம் பாயும், தொட்டால் ஆள் கத்துவான். முழங்காலும் தோளும் அப்படித்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுவார்கள். 'இன்னும் ஒரு மாதம் ஆடக் கூடாது' என்று நீங்கள் சொன்னால், முகத்தைச் சுளித்தாலும் நம்புவார்கள். வீக்கம் அவர்கள் கண்ணுக்கும் தெரிகிறதே.

தலை அப்படி இல்லை. தலையில் அடி வாங்கியவன் தனக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்வான். பார்க்கிறவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் அடிப்படையில் மருத்துவர். விளையாட்டு மருத்துவம் படித்துவிட்டு, எல்லாரும் ஸ்போர்ட்ஸ் ரீஹேப் என்று சொல்கிற இந்தப் படிப்பு நம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காலத்திலிருந்து ஓய்வு பெறும்வரை இங்கேயே கற்பித்தேன். ஓய்வு பெற்றபோது வெற்றிக் கதைகளைச் சொல்லச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். அவை என்னிடமும் இருக்கின்றன. முட்டியில் தசைநார் கிழிந்து மறுபடி ஓடியவர்கள், தோள் கழன்று மறுபடி பந்து வீசியவர்கள். அவற்றைக் கருத்தரங்குகளில் கேட்டுக்கொள்ளுங்கள். இது வேறு. இதில் நாங்கள் செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தச் சரியால் யாருக்காவது நன்மை வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிரிஸில்லா ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன் பிறகு அண்ணன் டொமினிக்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டான். பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை, காலையும் மாலையும் குத்துச்சண்டைப் பயிற்சி. அவன் கைக்குத் துணி சுற்றிவிடுவதும், உடைந்த மூக்குக்கு ஐஸ் வைப்பதும் சின்ன வயதிலிருந்து பிரிஸில்லாவின் வேலை. இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று எங்கேயோ கேள்விப்பட்டு அவளை இதில் சேர்த்துவிட்டதும் டொமினிக்தான்.

முதல் நாள் அறிமுகத்தின்போது அவள், "எங்க வூடு ராயபுரத்துல கீது" என்றாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரித்தவர்கள் பக்கம் திரும்பி அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நோயாளியைப் பார்க்கிற கண் அவளுக்கு இருந்தது. நம் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்கள் கதவிலிருந்து நாற்காலிவரை நடந்து வருவதற்குள், எந்தக் காலைக் காப்பாற்றி வைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கபடி ஆடுகிற பெண்கள் என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்வார்கள். இந்தத் துறைக்குப் பிறந்த பிள்ளை என்று நான் மற்ற ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது டொமினிக்குக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு பெரிய நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். தேர்வுக்காகவே ஒரு போட்டி. அவனுடைய எடைப் பிரிவில் ஜெயிப்பவனுக்கு நிரந்தர வேலை. அடுத்த முறை எடுக்கும்போது அவனுக்கு வயது கடந்துவிடும். அந்த வீட்டில் எல்லாரும் அதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பிரிஸில்லாவே பிறகு சொன்னாள். அம்மா தினமும் காலையில் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாராம்.

அந்தப் போட்டிக்கு மருத்துவப் பொறுப்பு நம் துறையிடம் வந்தது. நான்தான் மருத்துவர். மருத்துவ மேசையில் உதவிக்கு மூன்றாம் வருட மாணவர்கள்.

போட்டிக்குச் சில நாள் முன்பு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பிரிஸில்லா என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், உட்காரவில்லை.

"மேடம், எங்கண்ணனுக்குத் தலையில அடி. பயிற்சியில ஒரு குத்து வாங்கிகிச்சு. கீழ விழல. ஆனா அதுலேந்து சரியில்ல."

"எப்படிச் சரியில்லை?"

"காலைல வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதுன்னு மூஞ்சியில துணிய போட்டுகினு படுத்துகினு கீது. வாந்தி எடுத்துச்சு. அம்மாக்குத் தெரியாது. நேத்து சாப்ட்டு முடிச்சு, கைய கழுவினு வந்து குந்திகினு, 'எம்மா, சோறு போடு'ன்னுச்சு. அம்மா வெளாட்டுக்கு சொல்லுதுன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல மேடம்."

"அவனிடம் சொன்னாயா?"

"சொன்னேன். 'பிரிஸி, இந்த ஒரு வாரம் வாய மூடிகினு இரு. அப்பால நீ சொல்றத அத்தனையும் கேக்குறேன்'னுச்சு."

அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தான் பாடம் எடுத்திருந்தேன். மூளை ஒருமுறை குலுங்கி, அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகலாம் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தேன். எப்போதுமே அப்படி ஆகும் என்றில்லை. ஆனால் ஆகிவிட்டால் ரிங்கிலிருந்து ஆளைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும், பெரும்பாலும் உயிரோடு இருக்கமாட்டான்.

"நான் சொன்னேன்னு மட்டும் அதுக்குத் தெரிய வோணாம் மேடம்," என்றாள்.

தெரியாது என்றேன். ரிங்கில் ஏறும் முன் எல்லாருக்கும் தலைப் பரிசோதனை உண்டு, அவள் சொல்கிற நிலைமையில் இருப்பவன் அதில் தேற முடியாது, அவள் பெயர் வரவேண்டிய அவசியமே இருக்காது என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் நம்பினேன். அவளும் நம்பினாள்.

போட்டி நடந்த உள்ளரங்கம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றதால் நடந்தே போய்ச் சேர்ந்தேன். உள்ளே கூட்டம். டொமினிக்கின் அம்மா, தெருக்காரர்கள், அவன் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவன் முறை வந்தபோது எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து கும்பிட்டான். நல்ல உயரம், அமைதியான முகம். என் பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பரிசோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சம்பந்தமில்லாத சில சொற்களைச் சொல்வோம், அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து முதலில் சொன்ன சொற்களை மறுபடி கேட்போம். நான், "எலுமிச்சை, போர்வை, ஆணி, குருவி, சட்டி" என்றேன். அவன் மூச்சுவிடாமல் திருப்பிச் சொன்னான். மாதங்களைப் பங்குனியிலிருந்து சித்திரைவரை சொல்லிவிட்டு, டிசம்பரிலிருந்து ஜனவரிவரையும் சொன்னான். ஒற்றைக் காலில் கம்பம் நட்டதுபோல நின்றான். கடைசியில் நான் கேட்கும் முன்பே, "எலுமிச்சை, போர்வை," என்று ஆரம்பித்துவிட்டான்.

நான் பிரிஸில்லாவைப் பார்த்தேன். அவள் குனிந்து என் காதில் சொன்னாள்: "மேடம், எல்லாம் அதுக்கு மனப்பாடம். ரெண்டாவது வருசம் நான் வூட்ல அண்ணன குந்த வெச்சுதான் பழகிகினேன். எல்லா லிஸ்ட்டும் அதுக்குத் தெரியும்."

கண்ணால் என் விரலைத் தொடரச் சொன்னேன். விரல் ஓரத்துக்குப் போனபோது அவன் பார்வை சற்றுப் பின்தங்கியது, மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை இறுகியது. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. வேறு யாரிடமாவது காட்டச் சொன்னால் காட்ட முடிந்திருக்காது. கிருமி மாதிரி, உடைந்த எலும்பு மாதிரி, கையில் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒருவன். இன்னொரு பக்கம் அவன் தங்கை தன் வீட்டில் பார்த்தவை.

இளம் நண்பர்களே, இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. பின்னால் வரிசை நிற்கும், ஒலிபெருக்கியில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள், நடுவர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவனை இயல்பான நாளில் பார்த்தவர் யார்? நான் அவனை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். அவள் அவனைத் தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். சாப்பிட்ட கை காயும் முன் சோறு கேட்டவனை ரிங்கில் ஏற்ற என்னால் முடியாது. "தகுதியில்லை" என்று சொன்னேன்.

டொமினிக் முதலில் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அவனுடைய வாத்தியார், அதாவது பயிற்சியாளர், மேசைக்கு ஓடி வந்தார். அவனைப் பள்ளி நாளிலிருந்து வளர்த்தவர், வயதானவர்.

"மேடம், பையன் எல்லாத்துக்கும் கரீட்டா பதில் சொன்னான். நான் நின்னு பாத்துகினு கீறேன். இன்னா ஆதாரத்த வெச்சு வோணாங்குறீங்க?"

"தலையில் அடிபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இது என் முடிவு."

"நெனக்கிறீங்களா? நெனச்சு ஒருத்தன் பொழப்புல மண்ண போடுவீங்களா?" குரல் ஏறியது. கூட்டம் திரும்பியது. "எதிர்ல கீறவன் யாரு வூட்டுப் பையன்னு எங்களுக்கும் தெரியும் மேடம். யாரு யாருக்குப் பேசிவெச்சாங்கன்னு எங்களுக்கும் தெரியும்."

அது போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஒரு நாற்காலி விழுந்தது. டொமினிக்கின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, "டாக்டரம்மா, இன்னா தப்பு பண்ணான் எம்புள்ள? சொல்லுங்க டாக்டரம்மா," என்று அழ ஆரம்பித்தார். பிரிஸில்லாவின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம், இவர்கள் கத்தி ஓய்ந்து போய்விடுவார்கள், பழி என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

பிரிஸில்லா மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். "மாஸ்டர், மேடத்த விடுங்க. நான்தான் சொன்னேன்."

"பிரிஸி, நீ உள்ள போ," என்றான் டொமினிக்.

அவள் போகவில்லை. வாந்தி எடுத்ததைச் சொன்னாள். துணியால் முகத்தை மூடிப் படுத்ததைச் சொன்னாள். சோறு கேட்டதைச் சொன்னபோது அவள் அம்மா என் கையை விட்டார். பரிசோதனைக் கேள்விகள் எல்லாம் அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னாள். மைக் எதுவும் இல்லாமலே அந்த அரங்கத்தில் எல்லாருக்கும் அவள் குரல் கேட்டது.

டொமினிக் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தான். பல்லால் முடிச்சைப் பிடித்து இழுத்து, நிதானமாக, ஒவ்வொரு சுற்றாக. அவிழ்த்து முடித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டான்:

"வூட்டுல பாக்குறத வெளிய சொல்லதான் உன்னிய படிக்க வெச்சனா?"

அப்படியே வெளியே போய்விட்டான்.

அவனை நானே வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கவைத்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இந்தக் காயத்தில் பெரும்பாலும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் 'ஒன்றும் இல்லை' என்ற சொல்லை ஒரு தெரு எப்படிக் கேட்டுக்கொள்ளும் என்று நான் யோசித்திருக்கவில்லை. வேலை வேறொருவனுக்குப் போனது. வாத்தியார் டொமினிக்கைப் பயிற்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நல்லெண்ணத்தில்தான் நிறுத்தியிருப்பார், அவருக்கும் பயம் வந்திருக்கும். ஆனால் அவனுக்கு அது இரண்டாவது அடி.

தனக்கு ஒன்றும் இல்லை என்று அவன் ஊருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. சில வாரங்கள் கழித்துத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில், அனுமதியும் மருத்துவரும் இல்லாமல் நடந்த ஒரு குத்துச்சண்டையில் இறங்கினான். தலையில் நிறைய வாங்கினான். ஜெயித்தும்விட்டான். அவனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிற வீடியோ பிரிஸில்லாவின் கைபேசிக்கு முன்பின் தெரியாத எண்களிலிருந்தெல்லாம் வந்தது. கீழே சிரிக்கிற பொம்மைகள்.

மறுநாள் அவள் என் அறைக்கு வந்து அந்த வீடியோவைக் காட்டினாள்.

"பாருங்க மேடம். ஒண்ணும் ஆவல. அம்மா இத்த பாத்துட்டு என்னான்டதான் வந்து நின்னாங்க. 'இவனுக்கா தலையில அடி? பொறாமையில நாசம் பண்ணிட்டியேடி'ன்னாங்க. அப்போ நான் சொன்னது பொய்யா மேடம்?"

"கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எத்தனை பேர் குனிந்து தாண்டுகிறார்கள்? எல்லாரும் ரயிலில் அடிபடுகிறார்களா? அதனால் தாண்டலாம் என்று ஆகிவிடுமா?" என்று கேட்டேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு.

அவள் தலையை ஆட்டினாள். "எனக்குப் புரியுது மேடம். இத்த எங்கம்மாகிட்ட எப்டி சொல்றது?"

நம் வேலையில் உள்ள கொடுமை இதுதான். கால் முறிந்தவனை நடக்கவைத்தால் அவன் நடப்பதை ஊர் பார்க்கும். ஒருவன் சாகாமல் தடுத்தால் அதை யாரும் பார்க்க முடியாது. அவன் செத்திருப்பானா என்பதே தெரியாதபோது, தடுத்தவர் கையில் மிஞ்சுவது அவன் இழந்தது மட்டும்தான்.

பிரிஸில்லா படிப்பை விடவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். ஆனால் கடைசி வருடம் முழுவதும் தலைக்காயப் பயிற்சி வரும் நாட்களில் அவள் வரவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. பட்டமளிப்புக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மற்ற பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு அங்கியைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் அங்கியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான்தான் பரிந்துரைத்தேன். அங்கே அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று நான்கூட நினைக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அங்கிருந்து போன் வந்தது. பிரிஸில்லா வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்குள் நானும் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு ராயபுரம் போனேன். வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, குத்துச்சண்டை டொமினிக் வீடு என்றால் இன்னும் தெரிகிறது. அம்மா என்னை உள்ளே வரச் சொன்னார், முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிஸில்லா சமையல் பக்கமிருந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இளைத்திருந்தாள்.

டொமினிக்குக்குத் தலைவலி நிற்காமல் வருகிறதாம். வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை. கன்டெய்னர் யார்டில் யாரையோ அடித்துவிட்டான் என்று வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போகிறான். கம்பிக் கட்டு ஒவ்வொன்றும் லாரியில் விழும்போது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறானாம். பாதி நாள் வேலைக்குப் போவதே இல்லை. வீட்டில் டிவி சத்தம் தாங்காமல் அதைத் தூக்கி உடைத்திருக்கிறான். அம்மாதான் மகளுக்கு போன் போட்டு, 'நீதானடி படிச்சவ, வந்து பாரு' என்று கூப்பிட்டிருக்கிறார். பிரிஸில்லா உடனே வந்துவிட்டாள். ஆனால் அவன் அவளைத் தொட விடுவதில்லை. அவளோடு பேசுவதும் இல்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம்.

முதல் அடியினாலா, திருவொற்றியூரில் வாங்கினவற்றாலா, வேலை போன துயரத்தாலா, இடையில் பழகிக்கொண்ட குடியாலா? எனக்குத் தெரியாது. நல்ல நரம்பியல் மருத்துவரிடம் எழுதிக்கொடுத்து அனுப்பினேன். ஒரு தடவை போனான், பிறகு போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவனோடும் பேசினேன். உள்ளறையில் சுவரில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் எழுந்து நிற்க முயன்றான், மரியாதைக்கு. உட்காரச் சொன்னேன்.

"டொமினிக், அன்றைக்கு உன் தங்கை சொல்லாமல் இருந்திருந்தால் நீ இன்று உயிரோடு இல்லாமல் போயிருக்கலாம். அவள் உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்."

அவன் தன் மார்பைத் தொட்டுக் காட்டி, "எதுலேந்து மேடம் காப்பாத்துனீங்க? இதுலேந்தா?" என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். முப்பது வருடத்துக்கு மேல் கற்பித்த எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அந்த அறையில் கண்ணுக்குத் தெரிந்தது அவனுடைய இன்றைய நிலை மட்டும்தான், தடுத்த சாவு தெரியவில்லை.

பணியில் இருந்த கடைசி நாட்களில் நான் ஒரு விதிமுறை எழுதினேன். உங்களுக்கும் அதைச் சொல்லித் தருவார்கள். சொந்த வீட்டாரை வைத்துத் தலைப் பரிசோதனையைப் பழகக் கூடாது. மாணவரின் உறவினர் போட்டியில் இருந்தால் அந்த மாணவர் மருத்துவ மேசையில் நிற்கக் கூடாது. நல்ல விதிமுறைதான், கடைப்பிடியுங்கள். ஆனால் அது பிரிஸில்லாவைக் காப்பாற்றியிருக்காது. மேசையில் நிற்காவிட்டாலும் அவள் வீட்டில் இருந்திருப்பாள். பார்த்திருப்பாள். ஒருமுறை பார்க்கப் படித்துக்கொண்ட கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போக முடியாது. நீங்கள் இங்கே வாங்கப்போகிற பட்டத்தோடு அதுவும் சேர்ந்து வரும். யாருக்காக என்று கேட்காமல் வரும்.

அன்று நான் கிளம்பும்போது டொமினிக் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டான், பிரிஸில்லா என்னோடு பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். வழியில் ஒரு கடையில் எதையோ வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் துறைக்கு வா, பயிற்சி மையத்தில் இடம் இருக்கிறது, நான் சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்:

"மேடம், நான் படிக்காங்காட்டி, அது தலவலின்னு சொன்னப்போ மெடிக்கல்ல மாத்திர வாங்கியாந்து குடுத்திருப்பேன். அது ரிங்குல ஏறியிருக்கும். பொழச்சிருந்தா பொழச்சிருக்கும். செத்திருந்தா, நானும் எங்கம்மாவும் கட்டிப்புடிச்சிகினு அழுதிருப்போம். இப்போ அழறதுக்குகூட எங்க வூட்ல என்னான்ட யாரும் வர்றதில்ல."

அப்படிப் பேசாதே என்றேன்.

"புதுசா சேர்ற பசங்ககிட்ட என் கதைய சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"உனக்குச் சம்மதம் என்றால் சொல்வேன்."

"சொல்லுங்க. ஆனா நல்லா முடிஞ்ச மாதிரி சொல்லிடாதீங்க."

அவள் கேட்டுக்கொண்டபடியே சொல்லிவிட்டேன். இனி உங்களில் ஒருவர் அந்த மேசையில் உட்காரும்போது, தேறியவனைத் தடுக்க வேண்டிவந்தால், தடுங்கள். நானும் மறுபடி தடுப்பேன். அதற்கு நன்றியும் வராது, நிரூபணமும் வராது. அவன் கேட்கிற கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்காது. இருந்தும் தடுங்கள். இதைவிட நல்லதாகச் சொல்ல என்னிடம் ஏதாவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன்.

அன்று பேருந்து வரத் தாமதமானது. பையில் என்ன என்று பேச்சுக்குக் கேட்டேன். பிரித்துக் காட்டினாள். கெட்டியான கறுப்புத் துணி. சாயங்கால வெயில் நேராக டொமினிக் படுக்கிற பக்கம் அடிக்கிறதாம், ஜன்னலுக்குக் கட்டுவதற்கு.

"போன தபா நான் கட்டினத பிச்சுப் போட்டுச்சு. அதான் இந்த தபா அம்மா கையால கட்டச் சொல்லியிருக்கேன். அம்மா வாங்கியாந்ததுன்னா விட்டுடும்."

பேருந்து வந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவன் எழுந்திருப்பதற்குள் வீட்டுக்குப் போய்த் துணியை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள்.